வீட்டில் வாட்ச் ரிப்பேர் மேசை: பத்தாயிரம் ரூபாயில் எதை முதலில் வாங்குவது?

கேள்வி, மே 4
பொழுதுபோக்காக வாட்ச் ரிப்பேர் கற்றுக்கொள்ள ஆசை. தாத்தாவின் எச்எம்டி ஜனதா வாட்ச் ஓடாமல் கிடக்கிறது, அதில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியாயிற்று. ஆன்லைனில் 147 பீஸ் டூல் கிட் ஒன்று பார்த்தேன், அது போதும்தானே? தனி அறை கிடையாது, ஹாலில் ஒரு மூலைதான்.

மே 4, இரவு 10:15
போதாது. அந்த மாதிரி கிட்டில் பெரும்பகுதி ஸ்ட்ராப் மாட்டும் ஸ்பிரிங் பார்களும் பின்களும்தான், எண்ணிக்கையைக் காட்டுவதற்காகச் சேர்த்தது. மீதியில் இருக்கும் ஸ்குரூ டிரைவர் முதல் இறுகிய திருகிலேயே முனை வளைந்துவிடும், வளைந்த முனை திருகின் வெட்டைக் கடித்துக் குதறிவிடும்.

நீங்கள் கடைசியில் சும்மா சொன்னீர்களே, ஹாலில் ஒரு மூலை என்று, அதுதான் முதல் விஷயம். அந்த மூலைக்கு மேலே சீலிங் ஃபேன் இருக்கிறதா? இருந்தால் அது வேறு மூலை. வாட்ச் வேலையில் ஃபேன் ஓடக் கூடாது. தூசி ஒரு பக்கம், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்பிரிங் பறந்துபோவது இன்னொரு பக்கம். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை, அவ்வளவுதான் நம் ஊரில் இதற்கான நேரம். ஏசி இருந்தால் அதன் காற்று மேசை மேல் நேராக அடிக்காத இடமாகப் பாருங்கள்.

அடுத்தது உயரம். வீட்டு மேசை எல்லாம் 75 செ.மீ. வாக்கில் இருக்கும், சாப்பிடவும் எழுதவும் சரி. வாட்ச் மேசை சாதாரண நாற்காலிக்கு 95, 100 செ.மீ. இருக்க வேண்டும், அதாவது மேசைப் பலகை நெஞ்சு மட்டத்துக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். கண்ணை வாட்சுக்கு இறக்காமல் வாட்சைக் கண்ணுக்கு ஏற்றுவதுதான் கணக்கு. இரண்டு முன்கையும் பலகையில் முழுக்கப் படிந்திருந்தால்தான் விரல் நடுங்காது. குனிந்து செய்தால் அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும், கழுத்து பிடித்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம், போச்சு. இருக்கும் மேசை மேல் 20 செ.மீ. உயரத்தில் ஆசாரியிடம் ஒரு பெட்டி அடித்து வையுங்கள். முன் விளிம்பைத் தவிர மூன்று பக்கமும் சின்ன மரச்சட்டம் வைக்கச் சொல்லுங்கள், உருளும் சாமான் நிற்கும்.

மே 4, இரவு 10:50
பணம் எதற்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நல்ல ஸ்குரூ டிரைவர் நான்கைந்து: 0.8, 1.0, 1.2, 1.4, 1.6 மி.மீ. பெர்ஜியான் என்ற சுவிஸ் கம்பெனியுடையதை வாங்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் முனை மாற்றக்கூடிய எதுவும் சரி, ஆனால் கூடவே சின்ன எண்ணெய்க்கல் ஒன்று கட்டாயம். முனையைத் திருகின் வெட்டுக்கு ஏற்ப நீங்களே தேய்த்துக்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த டிரைவரைத் தேய்க்காமல் பயன்படுத்துபவரைவிட மட்டமான டிரைவரை ஒழுங்காகத் தேய்த்துக்கொள்பவர் திருகைக் கெடுக்காமல் கழற்றுவார்.

ட்வீசர் இரண்டு. ஒன்று எஃகில், டூமாண்ட் 3 அல்லது 5 மாதிரி. இன்னொன்று பித்தளை, கீறல் விழக் கூடாத இடத்துக்கு. ட்வீசரில் கஞ்சத்தனம் வேண்டாம். நுனி இரண்டும் சரியாகச் சேராத ட்வீசரால்தான் பாதிச் சாமான் பறக்கிறது.

ஐ கிளாஸ் ஒன்று, கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ். இதில் பெருக்கம் அதிகமாக அதிகமாக வேலை செய்யும் தூரம் குறையும். பத்தை அங்குலத்தால் வகுங்கள், அதுதான் பெருக்கம்: இரண்டரை அங்குலத்தில் நின்று பார்த்தால் நான்கு மடங்கு, ஒரு அங்குலத்தில் பத்து மடங்கு. பொது வேலைக்கு மூன்று, நான்கு மடங்கு தாராளம். பத்து மடங்கு வேண்டுவது எண்ணெய் வைத்ததைச் சோதிக்க மட்டும். கண்ணாடி போடுபவரானால் கண்ணாடிச் சட்டத்தில் கவ்வும் வகை வாங்குங்கள்.

மூவ்மென்ட் ஹோல்டர் (மூவ்மென்ட் என்பது வாட்சின் உள்ளே இருக்கும் மொத்த இயந்திரம்), கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பல்ப், ரோடிகோ என்கிற அந்தப் பச்சைப் பிசின் (தூசி, விரல் ரேகை, சிந்திய எண்ணெய் எல்லாவற்றையும் எடுக்கும்), முள் கழற்றும் லீவர், பேக் கவர் திறக்கும் கத்தி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் எஃகில் துரு.

வெளிச்சத்துக்கு இரண்டு எல்இடி விளக்கு, இடமும் வலமுமாக. ஒன்றே ஒன்று வைத்தால் உங்கள் கையின் நிழலிலேயே வேலை செய்வீர்கள்.

மே 5, காலை
ஜனதா பற்றி. தொடாதீர்கள். தாத்தாவுடையது என்பதால்தான் சொல்கிறேன்.

பயிற்சிக்கு வேறு மூவ்மென்ட் வாங்குங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாட்ச் ரிப்பேர்காரரிடம் கேட்டால் ஓடாத ஜனதா, சோனா மூவ்மென்ட் சாக்லெட் டப்பாவில் குவித்து வைத்திருப்பார், சல்லிசாகத் தருவார். இன்னொன்று சீனாவின் சீகல் எஸ்டி36. அது சுவிஸ் யூனிடாஸ் 6497, 6498இன் நகல், விட்டம் 36.6 மி.மீ., பாக்கெட் வாட்சுக்காகப் பிறந்த அளவு. சாமான் எல்லாம் பெரிது, தானே சுற்றும் ரோட்டர் இல்லை, தேதி இல்லை. புதிதாக ஓடிக்கொண்டிருக்கும் மூவ்மென்டாக வரும் என்பதுதான் இதில் வசதி. பிரித்து மறுபடி சேர்த்தபின் ஓடவில்லை என்றால் தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது.

நம் ஆட்கள் பெரும்பாலும் சீகலைச் சொல்வார்கள், நான் பழைய ஜனதா பக்கம். 17 கல் (அச்சு முனையிலும் உரசும் இடங்களிலும் வைக்கும் செயற்கை மாணிக்கம்), சாவி கொடுப்பது, மணிக்கு 18,000 துடிப்பு, விநாடிக்கு ஐந்து. ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து எச்எம்டி 1961இல் பெங்களூரில் தொடங்கிய ஃபேக்டரியின் வாட்ச் அது. எவ்வளவு விற்றிருக்கிறது என்றால் இன்றும் சின்ன ஊரில்கூட அதன் பேலன்ஸ், பேரல் (சாவி ஏறும் மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பா), சாவித் தண்டு கிடைக்கிறது. ஒன்று உடைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உடைப்பீர்கள்.

மே 7
"தரையில் உட்கார்ந்து செய்யலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு பெரியவர் கணக்குப்பிள்ளை மேசை போட்டுச் சம்மணமிட்டுத்தான் செய்வார். வேட்டி மடி முழங்காலுக்கு முழங்கால் விரிந்திருக்கும், மேசையிலிருந்து எது விழுந்தாலும் அதில்தான். வெளிநாட்டில் இதற்கென்றே மேசையில் கொக்கி போட்டு மாட்டும் ஏப்ரன் விற்கிறார்கள். அவரிடம் முதல் தடவை போய் "ஐயா, வீட்ல கத்துக்கலாம்னு இருக்கேன், என்னென்ன டூல் வாங்கணும்" என்று கேட்டதற்கு, "தம்பி, முதல்ல மொசைக் தரையில ஒரு திருகைப் போட்டுட்டு தேடிப் பாரு. கிடைச்சா வா" என்றார்.

உண்மைதான். புள்ளி போட்ட மொசைக் தரை இந்த வேலைக்குப் பரம எதிரி. ஒரே நிறத்தில் பழைய லினோலியம் அல்லது ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தை நாற்காலிக்குக் கீழே விரியுங்கள். தேர்தல் முடிந்தால் ஃப்ளெக்ஸுக்கு என்ன பஞ்சம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால் சின்னத் திருகுக்குக்கூட நீள நிழல் விழும், அப்படித்தான் தேட வேண்டும். துடைப்பம் எடுக்க வருபவரைத் தடுக்க வேண்டியது உங்கள் சாமர்த்தியம்.

சம்மணத்துக்குத் திரும்புகிறேன்: முழங்கால் நன்றாக இருந்தால் தாராளமாக. எனக்கு இல்லை.

மே 9
கழுவுவது. இதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், வீட்டில் சண்டையும் இதில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் கேட்டது: "இது வீடா, பெட்ரோல் பங்க்கா?"

பழைய ஆட்கள் வெள்ளைப் பெட்ரோலில் போட்டுக் கழுவினார்கள், சரியாகவே வேலை செய்தது. ஆனால் வண்டிக்குப் போடும் பெட்ரோலை இப்போது பயன்படுத்தாதீர்கள். இன்று பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பேலட் ஃபோர்க் என்பது சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி நிறுத்தி விடும் கவை, அதன் இரண்டு கற்களையும் பிடித்துக்கொண்டிருப்பது அரக்கு. மரச்சாமான் பாலிஷுக்கு அரக்கை எதில் கரைப்பார்கள்? ஸ்பிரிட்டில். அதே கதைதான் இங்கேயும், ஆல்கஹாலில் ஊறவிட்டால் கல் கழன்றுவிடும். மருந்துக்கடையில் வாங்கும் ஐசோபிரொபைல் ஆல்கஹாலுக்கும் இது பொருந்தும். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் அதில் ஊற வைக்கக் கூடாது. அந்த இரண்டுக்கும் லைட்டரில் ஊற்றும் நாஃப்தா போதும்.

நான் செய்வது: சாமான் எல்லாம் மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் நாஃப்தாவில் ஊறும். பிறகு ஒவ்வொரு கல் துளையிலும் கூராகச் சீவிய மூங்கில் குச்சியை விட்டுச் சுழற்றி எடுப்பது, குச்சி முனை கறுப்பாக வந்தால் மறுபடி சீவி மறுபடி. வெள்ளையாக வரும்வரை. அப்புறம் புது நாஃப்தாவில் ஒரு அலசல், ரப்பர் பல்ப் காற்று, கவிழ்த்த கண்ணாடி டம்ளருக்குக் கீழே. இவ்வளவுதான். அல்ட்ராசானிக் மெஷின் இருந்தால் வேலை குறையும், ஆனால் தொட்டியில் நேரடியாக நாஃப்தாவை ஊற்றுவது தீ வைத்துக்கொள்வதற்குச் சமம். தொட்டியில் தண்ணீரும் சோப்பும், தண்ணீர் கலந்த வாட்ச் கிளீனரும் மட்டும்.

ஹால் மூலை என்றீர்கள். அந்த மூலையில் பூஜை அலமாரி இருந்தால், விளக்கு எரியும் நேரத்தில் குப்பியைத் திறக்காதீர்கள். கொசுவத்திக்கும் இதே விதி. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சமையலறை தள்ளியிருக்க வேண்டும்.

மே 12
தேங்காய் எண்ணெய் போட்டால் ஓடும் என்று எழுதியவருக்கு: ஓடும். சித்திரையில். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், மார்கழிக் காலையில் வாட்ச் நின்றுவிடும். அதைவிட மோசம், நாளடைவில் அது பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் உறையாது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பரவி ஓடும்.

வாட்ச் எண்ணெயின் வேலையே போட்ட இடத்தில் நிற்பது. பழக ஆரம்பிக்கும்போது மூன்று போதும். மீபியஸ் 9010, மெல்லியது, வேகமாக ஓடும் சக்கரங்களின் அச்சு முனைக்கும் பேலன்ஸ் கல்லுக்கும். கெட்டியானது ஒன்று, டி5 அல்லது எச்பி1300, மெதுவாகச் சுழன்று பாரம் தாங்கும் பேரல், நடுச் சக்கரம் மாதிரி இடங்களுக்கு. சாவித் தண்டும் லீவர்களும் உரசும் இடத்துக்கு ஒரு கிரீஸ். பேலட் கல்லுக்கு 9415 என்று தனியே இருக்கிறது, கொஞ்ச நாள் 9010ஐ வைத்தே சமாளிக்கலாம். பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே கிடையாது.

இரண்டு மில்லி குப்பிக்கு அந்த விலையா என்று திகைப்பீர்கள். அந்த இரண்டு மில்லி பொழுதுபோக்குக்காரருக்குத் தீரவே தீராது, காலாவதி தேதிதான் முதலில் வரும்.

எவ்வளவு வைப்பது? கல்லில் ஒரு குழி இருக்கிறதே, அதில் பாதிக்குக் கீழே. நிரம்பி வழிந்தால் எண்ணெய் முழுவதும் தட்டுக்குப் படர்ந்து போய்விடும், முனை காய்ந்து நிற்கும். அதிகம் போட்டது போடாததைவிட மோசம்.

மே 12, அதே நாள்
நல்லெண்ணெய் எப்படி என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதாக இல்லை. தோசைக்கு நன்றாக இருக்கும்.

மே 18
பிரிப்பதற்கு முன்னால் ஒன்று. இதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும்.

மெயின் ஸ்பிரிங்கில் சாவி இருக்கும்போது எதையும் கழற்றாதீர்கள். சாவியை ஒரு துளி மட்டும் கூடச் சுற்றி, கிளிக்கை (சாவி பின்னால் திரும்பாமல் தடுக்கும் பல்) ட்வீசர் முனையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சாவியை விரலுக்கு நடுவில் மெதுவாக வழுக்கவிட்டு முழுக்க இறக்க வேண்டும். இறக்காமல் பேலட் ஃபோர்க்கைத் தூக்கினால் மொத்த விசையும் ஒரே நொடியில் சக்கரங்கள் வழியாகப் பாயும், விர்ரென்று ஒரு சத்தம், அதோடு எஸ்கேப் வீலின் (பேலட் ஃபோர்க் நிறுத்தி விடும் சக்கரம்) அச்சு முனை முறிந்திருக்கலாம். அவ்வளவு மெல்லிய முனை அது.

பேலன்ஸைப் பாலத்தோடு (அதை மேலிருந்து பிடிக்கும் தகடு) தூக்கும்போது ஹேர் ஸ்பிரிங்கில் (பேலன்ஸோடு சேர்ந்த மெல்லிய சுருள்) தொங்கவிட்டு ஆட்டாதீர்கள். தூக்கி உடனே கவிழ்த்துப் படுக்க வையுங்கள்.

ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். திருகுகளின் நீளம் ஒரே மாதிரி தெரியும், இருக்காது. நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முடுக்கினால் அடியில் இருக்கும் சக்கரத்தைக் குத்தும் அல்லது டயலைத் தூக்கும். எந்தப் பாலமோ அதன் திருகோடு அதே கிண்ணத்தில். நான் மாத்திரை டப்பா வைத்திருக்கிறேன், திங்கள் செவ்வாய் என்று கட்டம் போட்டது. பேரல் திங்கள், பேலன்ஸ் ஞாயிறு.

முள் கழற்றும்போது டயல் மேல் பாலிதீன் தாளை விரித்துவிட்டு அதன் மேல் லீவர் வையுங்கள். கீறலும் விழாது, விநாடி முள்ளும் பறக்காது.

பேலன்ஸ் கல்லின் மேலுள்ள, அதிர்ச்சி தாங்கும் ஷாக் ஸ்பிரிங், எச்எம்டி டயலில் பாரா ஷாக் என்று போட்டிருப்பானே அதுதான், அதை முதல் மூவ்மென்டில் தொட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் தொடச் சொல்கிறேன், ஆனால் கைகளும் மூவ்மென்டும் ஒரு பெரிய தெளிவான பாலிதீன் பைக்குள் இருக்கட்டும். பறந்தாலும் பைக்குள்தான். செய்கோவின் 7எஸ்26 மூவ்மென்டை எடுத்தீர்களானால் அதில் டயாஃபிக்ஸ் என்று இன்னும் குட்டி ஸ்பிரிங் சக்கரங்களுக்கும் வைத்திருப்பான். அதுவரை போவதற்குள் பை பழகியிருக்கும்.

மே 19
நேற்று சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: கிரவுன் வீல் (சாவித் தண்டின் சுழற்சியை வாங்கிக் கடத்தும் சக்கரம்) திருகு பல மூவ்மென்ட்களில் இடது மரை. வழக்கப்படி திருப்பித் திருப்பி வரவில்லை என்று பலம் போட்டால் தலை முறியும். சிலவற்றில் அடையாளத்துக்குத் திருகுத் தலையில் ஒரு வெட்டுக்குப் பதில் மூன்று இருக்கும். எதுவும் இல்லையென்றாலும், இறுகுகிற மாதிரி தோன்றினால் மறுபக்கம் லேசாகத் திருப்பிப் பாருங்கள்.

மே 26
டைம்கிராஃபர், அதாவது வாட்சின் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் மெஷின், தேவையா இல்லையா. பத்தாயிரத்துக்குள் என்றால் தேவையில்லை, அது ஒன்றே அந்தத் தொகையைத் தாண்டும். போன் ஆப்பில் ஆரம்பியுங்கள், இயர்போன் மைக்கைக் கேஸில் ஒட்ட வைத்து, விடிகாலையில். ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்பதை ஓரளவு சரியாகவே காட்டும்.

இதை எழுதி முடித்து யோசித்தால் பாதிதான் சம்மதமாக இருக்கிறது. விநாடிக் கணக்கு தெரிந்து என்ன பயன்? பேலன்ஸ் பாலத்தின் மேல் இருக்கும் லீவரைக் கொஞ்சம் தள்ளினால் அழுக்கு பிடித்த வாட்சும் சரியான நேரம் காட்டும். பஜாரில் "சர்வீஸ் பண்ணியாச்சு" என்று விற்பவை பல அப்படித்தான். தெரிய வேண்டியது ஆம்ப்ளிட்யூட், பேலன்ஸ் எத்தனை டிகிரி வீசுகிறது என்பது. முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால் 270லிருந்து 300 வரை வந்தால் சந்தோஷம். பழைய ஜனதாவில் 250 வந்தால் நான் மூடிவிடுவேன். 200க்குக் கீழே என்றால் எங்கோ அழுக்கு, அல்லது மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இது போன் ஆப்பில் சரியாகக் கிடைப்பது கஷ்டம். அதனால் முதல் சில மூவ்மென்டுக்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் வெய்ஷி 1000 மாதிரி டைம்கிராஃபர் ஒன்றை வாங்குங்கள், வேறு எந்த டூலுக்கும் முன்னால்.

லிஃப்ட் ஆங்கிள் (பேலட் ஃபோர்க்கைத் தொட்டுக்கொண்டு பேலன்ஸ் திரும்பும் கோணம்) என்று ஒரு எண்ணை அதில் போட வேண்டும். மாற்றாவிட்டால் மெஷின் 52இல் நிற்கும், 7எஸ்26க்கு 53, சுவிஸ் ஈடிஏ கம்பெனியின் பல மூவ்மென்டுக்கு 50. தப்பாகப் போட்டால் ஆம்ப்ளிட்யூட் தப்பாகக் காட்டும், விநாடிக் கணக்கு மாறாது.

பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமில்லாத அளவு) ஒரு மில்லி செகண்டுக்குள் இருந்தால் பழைய மூவ்மென்டில் அதைத் தொடாதீர்கள். ஹேர் ஸ்பிரிங்கின் வெளி முனையைப் பிடிக்கும் ஸ்டட் நகரும் மூவ்மென்டில் அந்த ஸ்டட்டின் லீவரைத் தள்ளினால் போதும். நகராததில் ஹேர் ஸ்பிரிங்கின் உள் முனையைப் பிடிக்கும் கழுத்தைத் திருப்ப வேண்டும், 1.2இலிருந்து 0.4க்குக் கொண்டுவரப் போய் ஹேர் ஸ்பிரிங்கை நூடுல்ஸ் ஆக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஜூன் 2
திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் முந்துகிறது என்றால் பிரிக்காதீர்கள். காந்தம் ஏறியிருக்கும். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், அதனால் வேகம். மூடியில் காந்தம் வைத்த போன் கவர், டேப்லெட் கவர், ஸ்பீக்கர், எதன் மேல் கழற்றி வைத்தீர்கள் என்று பாருங்கள். திசைகாட்டி ஒன்றை அருகே கொண்டுபோனால் முள் ஆடும். நீலப் பெட்டியில் காந்தத்தை நீக்கும் மலிவான டீமேக்னடைசர் கிடைக்கும், வாட்சுக்கு இல்லாவிட்டாலும் ட்வீசருக்கு வேண்டும். திருகு ட்வீசரோடு ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் 3
இரவில் ஒளிரும் பழைய டயல் கிடைத்தது, சுரண்டிப் புதிதாகப் பூசலாமா என்று கேட்டவர் உடனே நிறுத்துங்கள். 1960களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச், ராணுவ வாட்ச் என்றால் அது உண்மையான ரேடியமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒளிர்வது என்றோ நின்றிருக்கும், ஆனால் ரேடியம் 226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கையில் கட்டுவதில் பெரிதாக ஒன்றுமில்லை, பொடியாக்கி மூச்சில் இழுப்பதில்தான் ஆபத்து. அமெரிக்காவில் அந்தப் பூச்சு வேலை செய்த பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கித் தாடை அழுகிச் செத்தார்கள். ஹால் மூலையில், குழந்தைகள் தவழும் வீட்டில், இந்த வேலை வேண்டவே வேண்டாம். மூடி வைத்துவிடுங்கள்.

ஜூன் 14
பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸை இளக்காரமாகப் பேசுகிறீர்கள் எல்லோரும். வீட்டு மேசையில் நிஜமாக வரும் வேலை அதுதான்: மாமாவின் டைட்டன், பக்கத்து வீட்டு அக்காவின் சோனாட்டா. விநாடி முள் நான்கு விநாடிக்கு ஒரு தடவை தாவுகிறதா, பல மாடல்களில் அது பேட்டரி முடியப் போகிறது என்ற அறிவிப்பு. 377 என்றும் எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்றும் போட்டிருப்பது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட். எல்ஆர்626 அதே அளவு, அல்கலைன், மலிவு, சீக்கிரம் கசியும். கசிந்ததைப் பார்த்தால் பேட்டரிக் கடைக்காரர் மேல் கோபம் வரும்.

புதுப் பேட்டரி போட்டும் ஓடவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்துக் காயிலை (முள்ளை நகர்த்தும் மோட்டாரின் கம்பிச்சுருள்) அளந்து பாருங்கள். ஒன்று, இரண்டு கிலோ ஓம் காட்டினால் காயில் நலம், அப்போது அழுக்குதான். ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்தது. அந்தக் காயில் பக்கம் எஃகு ட்வீசரோ ஸ்குரூ டிரைவரோ வழுக்கக் கூடாது, ஒரு கீறல் போதும். பித்தளை ட்வீசர் வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

உள்ளே இருக்கும் கிரிஸ்டல் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இரண்டால் பதினைந்து தடவை வகுத்தால் ஒன்று. அழகான கணக்கு, இதைச் சொன்னால் மட்டும் குவார்ட்ஸ்காரர்களை மெக்கானிக்கல்காரர்கள் ஒரு நிமிடம் மதிப்பார்கள்.

ஜூன் 15
வழி மாறிப் போகிறது, இருந்தாலும். பயிற்சிக்கு ஜனதா வாங்கப் போகிறவர்கள் ஆன்லைனில் பளபள டயலோடு ஊதா, ஆரஞ்சு நிறத்தில் வருவதைப் பார்த்து மயங்காதீர்கள். மறுபடி பெயின்ட் அடித்த டயல், எங்கிருந்தோ எடுத்த முள், வேறொரு கேஸ். எழுத்தின் விளிம்பை ஐ கிளாஸில் பார்த்தால் தெரியும், அசலில் கூர்மையாக இருக்கும், மறு அச்சில் மங்கிக் கசிந்திருக்கும். பழகுவதற்கு என்றால் பரவாயில்லை, அசல் விலை கொடுக்காதீர்கள். எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் கொடுத்தது, அதன் பிறகு விலை ஏறிய வேகத்துக்கும் வாட்சின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்றால் பெங்களூர் ஜாலஹள்ளியில் எச்எம்டி ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, 2019இல் திறந்தது. வாட்ச் மட்டுமல்லாமல் டிராக்டரும் காட்டுவார்கள்.

பிளாஸ்டிக் கண்ணாடியின் கீறலுக்கு பிராஸோவோ பற்பசையோ மெல்லிய துணியில் வைத்துத் தேய்த்தால் போகும். மூவ்மென்டை வெளியே எடுத்துவிட்டுத் தேய்க்கவும்.

ஜூலை 1
கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பழைய மூவ்மென்ட் ஒன்றைப் பிரித்துச் சேர்த்து ஓடவைத்துவிட்டாராம், இப்போது தாத்தாவின் ஜனதாவைத் திறந்து பார்த்திருக்கிறார், சாவி முழுக்க ஏறியிருக்கிறது ஆனால் ஓடவில்லை, மெயின் ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா என்கிறார்.

வேண்டாம். சாவி ஏறி இறுகி நிற்கிறது என்றால் ஸ்பிரிங் உடையவில்லை, உடைந்திருந்தால் சாவி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஓவர் வைண்ட் ஆகி நின்றுவிட்டது" என்று கடையில் சொல்வார்களே, அப்படி ஒரு நோயே கிடையாது. காய்ந்த எண்ணெய் பிசினாகி விசை பேலன்ஸ்வரை வராமல் நிற்கிறது, அவ்வளவுதான். முதலில் சாவியை இறக்குங்கள். பேலட் ஃபோர்க்கை எடுத்தபின் சாவியை ஒரு பல் மட்டும் ஏற்றிப் பாருங்கள், சக்கரங்கள் தடையில்லாமல் ஓடி, நிற்கும்போது கொஞ்சம் பின்னோக்கித் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் எந்தச் சக்கரம் மக்கர் செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. பழகியாயிற்று, செய்யலாம். ஆனால் அந்த டயலைத் துடைக்காதீர்கள். ரோடிகோவால்கூட ஒற்றாதீர்கள், பழைய அச்சு அப்படியே பிசினோடு வந்துவிடும். மஞ்சளித்தது மஞ்சளித்தபடியே இருக்கட்டும்.

ஜூலை 9
சென்னை, கடலூர், நாகை ஆட்களுக்கு: டூலை வெளியே வைக்காதீர்கள். உப்புக் காற்றில் எஃகு ட்வீசர் முனையில் முதலில் துரு வரும். மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம், போதும். வியர்க்கும் விரலுக்கு ஃபிங்கர் காட் (விரல் நுனியில் மாட்டும் ரப்பர் உறை) போடுங்கள். கையுறை வேண்டாம், அதில் எதையும் உணர முடியாது. பாதி கழற்றிய மூவ்மென்டை இரவு விட்டுப் போவதாக இருந்தால் மூடிய டப்பாவில். பல்லி என்ன செய்யும் என்று கேட்காதீர்கள்.

ஜூலை 20
மைக்ராஸ்கோப் வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நாற்பதைத் தாண்டிய கண் என்றால் வாங்கலாம், ஆடம்பரம் இல்லை. ஸ்டீரியோ வகைதான் வேண்டும், இரண்டு கண்ணாலும் பார்ப்பது. திரையில் காட்டும் யூஎஸ்பி கேமரா வகை படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆழம் தெரியாது, ட்வீசர் முனை திருகுக்கு மேலே இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று திணறுவீர்கள். 7லிருந்து 45 மடங்கு ஜூம் வழக்கமாக வரும், வேலை எல்லாம் 7, 10இல்தான், 45ஐ யாராவது வீட்டுக்கு வந்தால் காட்டலாம். கூடவே 0.5 பார்லோ லென்ஸ் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் லென்ஸுக்கும் வாட்சுக்கும் நடுவில் 10 செ.மீ. வாக்கில்தான் இடம் இருக்கும், ஸ்குரூ டிரைவர் தலை இடிக்கும். பார்லோ போட்டால் பெருக்கம் பாதியாகக் குறையும், அது ஒரு குறையே இல்லை. ஸ்டாண்டின் கனத்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஹாலில் யாராவது நடந்தால் படம் ஆடுகிற மேசையாக இருந்தால் முதலில் மேசைக் காலைச் சரி பண்ணுங்கள்.